பயந்து விலகியவர்களைத் தேடி வந்த குரு: யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வும் மனந்திரும்புதலும்

ஜனவரி பிறந்தால் வன்னி மக்களின் நினைவு பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்குப் போய்விடும். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஊர் ஊராக மூட்டைகளை இறக்குவதும் ஏற்றுவதுமாகக் கழிந்தது 2009 ஜனவரி. அதே ஜனவரி மாதத்தின் 16ஆம் நாளைக் கத்தோலிக்கர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவுகூருகிறார்கள். 1711ஆம் ஆண்டு அந்த நாளில்தான் கண்டியில் யோசப் வாஸ் அடிகளார் இறந்தார். இலங்கைத் திருச்சபையின் முதலாவது புனிதர் என்று அவரை அறிந்தவர்கள் பலர். ஆனால் அவர் எந்த மக்களைத் தேடி வந்தார், அந்த மக்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர் தேடி வந்தது அதிகாரத்துக்குப் பயந்து தமது நம்பிக்கையை வெளியே மறுத்துவிட்டு, உள்ளே குற்ற உணர்வோடு வாழ்ந்துகொண்டிருந்த மக்களை. அப்படிப்பட்டவர்களுக்கு மனந்திரும்புதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவருடைய 24 ஆண்டுகால இலங்கை வாழ்க்கையே பதிலாக இருந்தது. போரைக் கடந்து வந்த எமக்கும் அந்தக் கேள்வி புதியதல்ல.

கோவாவில் பிறந்தவர்

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா டி மிராண்டா. அப்போது கோவா போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. இந்திய மண்ணில் பிறந்தவர்கள் குருவாகலாம். ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் பெரும்பாலும் அவர்களுக்குத் திறப்பதில்லை. ஒரே வேதம், ஒரே பூசை என்றாலும் தோலின் நிறம் இடையில் நின்றது.

1676இல் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன் பிறகு ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். 1677இல் தன்னை அன்னை மரியாளின் அடிமையாகக் கையளிக்கும் பத்திரம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். 1681 முதல் சில ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் பணியாற்றினார். 1685இல் பழைய கோவாவில் உள்ளூர்க் குருக்கள் சிலர் சேர்ந்து வாழ்ந்த குழுவொன்றில் இணைந்தார். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய அந்தக் குழு அவரைத் தலைவராக ஏற்றது. ஐரோப்பியர் துணையின்றி இந்தியக் குருக்களே நடத்திய சபை அது.

தலைவராகவே அங்கு இருந்திருக்கலாம். ஆனால் இலங்கையில் கத்தோலிக்கருக்கு ஒரு குருவும் இல்லை என்ற செய்தி அவருடைய மனதை விட்டு அகலவில்லை.

தோம்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு செபமாலை

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தன. அவர்கள் போர்த்துக்கேயரோடு சேர்த்து அவர்களின் மதத்தையும் எதிரியாகவே பார்த்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன.

அதைவிட ஆழமாக வேலை செய்தது தோம்பு. பிள்ளைக்கு ஞானஸ்நானம், திருமணப் பதிவு, காணி உரிமை, அரச உத்தியோகம் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் சீர்திருத்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். பெயர் இல்லாவிட்டால் பிள்ளையின் முறைமையும் காணியின் உறுதியும் கேள்விக்குள்ளாகும். ஆகவே மக்கள் பெயரைப் பதிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகவேண்டிய இடத்துக்குப் போனார்கள். வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்து வைத்த செபமாலையை எடுத்தார்கள். சிலர் அதையும் விட்டுவிட்டார்கள். அந்த மதத்துக்கே உண்மையாக மாறியவர்களும் இருந்தார்கள்.

சிலர் காட்டுக்குப் போனார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் அடைக்கலம் தேடின. இன்றைய மடுத்திருப்பதியின் தொடக்கம் அந்த இடப்பெயர்வுதான். 2008 ஏப்ரலில் மோதல் நெருங்கியபோது அதே சொரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு மீண்டும் இடம்பெயர்ந்ததை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குரு இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கத்தோலிக்க வாழ்க்கையில் இது சிறிய குறை அல்ல. தவறியவன் திரும்பி வருவதற்கான வழக்கமான வாசலே அடைபட்டுக் கிடந்தது. யப்பானிலும் இதே காலத்தில் இதே நிலைதான். 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட பிறகு அங்கே திருவுருவங்களைக் காலால் மிதிக்கும்படி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மிதித்தவர்கள் வீட்டுக்குப் போய், குரு இல்லாத நிலையில், உத்தம மனஸ்தாப செபத்தைச் சொல்லி அழுதார்கள். அந்தச் செபத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படியே மறைவாக வாழ்ந்த சமூகம் 1865இல்தான் நாகசாகியில் மீண்டும் ஒரு குருவைக் கண்டது. இலங்கைக் கத்தோலிக்கர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

பிச்சைக்காரனாக யாழ்ப்பாணத்தில்

1686இல் யோசப் வாஸ் கோவாவை விட்டு வெளிக்கிட்டார். தூத்துக்குடிக்கு வந்து, குருவின் உடையைக் களைந்து, கூலியாள் வேடத்தில் கப்பலேறினார். கூட வந்தவர் ஜோன் என்ற உதவியாளர். 1687இல் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தபோது அவர் கடும் வயிற்றோட்டத்தால் நடக்கவும் முடியாமல் இருந்தார். தொற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து ஊரார் அவரை ஒதுக்கினார்கள் என்றும், ஒரு பெண் இரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்றும் வரலாறு சொல்கிறது. ஊர் பெயர் தெரியாத ஒருவனுக்குக் கஞ்சி கொடுத்த அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் பதியப்படவில்லை.

சுகமான பிறகு அவர் வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைப் பார்த்து முகம் மாறுபவர் யார் என்று கவனித்தார். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அடையாளத்தையே மக்களைக் கண்டுபிடிக்கும் வழியாக வைத்துக்கொண்டார். அப்படித்தான் கத்தோலிக்கர்கள் அகப்பட்டார்கள். உறுதியான கத்தோலிக்க ஊரான சில்லாலை அவருக்குத் தங்குமிடமாயிற்று.

அவருடைய வேலைநேரம் இரவு. இருட்டிய பிறகு ஒரு வீட்டில் மக்கள் கூடுவார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பதில் இரவின் பெரும்பகுதி போய்விடும். விடியுமுன் பூசை. வெளிச்சம் வருமுன் அவர் அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். தமிழைக் கற்றுக்கொண்டு அந்த மக்களின் பேச்சிலேயே அவர்களின் பாவங்களைக் கேட்டார்.

என்ன சொல்லி அழுதார்கள்?

பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் குருவும் வெளியிட முடியாது. அந்த இரவுகளில் சொல்லப்பட்டவை அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. ஆனாலும் மக்கள் எந்தச் சூழலில் வாழ்ந்தார்கள் என்பது தெரியும். பிள்ளையின் எதிர்காலத்துக்காகப் பொய்யாகப் பெயர் பதிந்தவர்கள், அயலவரைப் பற்றி விசாரித்தபோது வாய் திறந்தவர்கள், வாய் திறக்கவேண்டிய இடத்தில் மௌனமாக இருந்தவர்கள் என்று எல்லா விதமானவர்களும் அப்படிப்பட்ட ஆட்சியின் கீழ் இருப்பார்கள்.

திருச்சபைக்கு இது பழைய சிக்கல். கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பயத்தில் பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வர விரும்பினார்கள். உரோமையில் நொவாத்தியன் என்ற குரு அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் வேறு வழியில் நின்றார். தவறு தவறுதான், அதை இலேசாக எடுக்க முடியாது, ஆனால் உண்மையாக மனம் வருந்துகிறவருக்கு வாசலை அடைக்கவும் முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. திருச்சபை சிப்ரியானின் வழியை ஏற்றது.

யோசப் வாஸ் அந்த வழியில்தான் நடந்தார். முப்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் விடப்பட்ட மக்களிடம் அவர் நீதிபதியாக வரவில்லை. அவர்களைவிட ஏழையாக, அவர்களைவிட ஆபத்தில் இருப்பவராக, அவர்களின் வாசலில் கை நீட்டி நின்றவராக வந்தார். பிடிபட்டால் முதலில் போவது அவருடைய உயிர். அப்படி வந்த ஒருவரிடம் தன் பயத்தைச் சொல்வது ஒருவனுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

கத்தோலிக்கப் போதனையில் மனந்திரும்புதலுக்குப் பல படிகள் உண்டு. செய்ததை ஆராய்தல், அதற்காக மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், வாயால் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் என்பன அவை. கடைசிப் படியைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒருவரின் பெயரைக் கெடுத்திருந்தால் அதைச் சீர்செய்யவேண்டும். அழுகை மட்டும் போதாது.

திரும்பி வந்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு அதற்கான சோதனையும் விரைவிலேயே வந்தது. 1690ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்மஸ் இரவில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தார்கள். பலர் கைதானார்கள். அடியும் சிறையும் கட்டாய வேலையும் கிடைத்தன. சிலர் சிறையிலேயே இறந்தார்கள். குரு அகப்படவில்லை. முன்பு பயத்தில் விலகியிருந்த அதே சமூகம் இம்முறை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கண்டிச் சிறையும் அம்மை நோயும்

யாழ்ப்பாணத்தில் இனித் தங்கினால் மக்களுக்கே ஆபத்து. அவர் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி அரசின் கீழ் இருந்தது. 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையில் அவர் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறுகொட்டில் ஒன்றைப் போட்டுச் செபித்தார். கண்டிப் பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நாட்டில் மழை பொய்த்த வேளையில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் இவரையும் செபிக்கக் கேட்டதாகவும், மழை பெய்ததாகவும், அதன் பிறகு சுதந்திரமாக நடமாட அனுமதி கிடைத்ததாகவும் மரபு சொல்கிறது.

பௌத்த அரசன் ஒருவனின் நிழலில்தான் இலங்கைக் கத்தோலிக்கம் பிழைத்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கிறிஸ்தவ ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குக் கண்டி இடம் கொடுத்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் அரண்மனையாரும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். யோசப் வாஸும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசப் கார்வாலியோ அடிகளாரும் நகரில் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் கொட்டில் அமைத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள், புண் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர்கள் எந்த மதத்தவர் என்று கேட்கவில்லை. நோய் தணியும்வரை ஏறக்குறைய ஓராண்டு இது நடந்தது.

யாழ்ப்பாணத்தில் நோயாளியாக ஒதுக்கப்பட்டுக் கஞ்சியால் பிழைத்தவர் பத்து ஆண்டுகளின் பின் ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கஞ்சி கொடுத்தார்.

நோயாளிகளைக் காட்டில் விட்டுப் போனவர்களைப் பற்றியும் யோசிக்கவேண்டும். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. மிச்சப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தவர்கள். எஞ்சியவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவரை விட்டுப்போன வேதனை என்னவென்று இந்தக் கட்டுரையை வாசிக்கும் சிலருக்கு விளக்கத் தேவையில்லை.

கடைசி ஆண்டுகள்

1696 முதல் கோவாவிலிருந்து வேறு குருக்களும் வரத் தொடங்கினார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிப் பின்னாளில் பெயர்பெற்றார். யோசப் வாஸ் மன்னார், வன்னி, புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று தொடர்ந்து நடந்தார். ஆயர் பதவி தேடி வந்தபோது ஏற்கவில்லை. உடல் தளர்ந்து, 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். வயது ஐம்பத்தொன்பது. அவரைக் கண்டியில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்தக் கல்லறை எங்கே என்று காட்ட அடையாளம் இல்லை.

1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை அருளாளராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்கு வந்தார். இந்த நாடு கண்ட தீமைகளுக்காக மனம் வருந்தவும் பரிகாரம் செய்யவும் அருள் வேண்டும் என்ற கருத்தில் அங்கே பேசினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களும் கைகால் இழந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

பாவமும் காயமும் ஒன்றல்ல

மனந்திரும்புதல் என்ற சொல் போரில் அடிபட்ட மக்களிடம் தவறாகவும் பயன்படுத்தப்படுகிறது. நீங்கள் பாவம் செய்தீர்கள், அதனால்தான் இந்த அழிவு என்று சொல்லும் குரல்கள் வன்னிக்குள்ளும் கேட்டதுண்டு. யோசப் வாஸின் வாழ்வு அதற்கு இடம் தரவில்லை. ஒல்லாந்தர் கோவில்களைப் பறித்தது மக்களின் பாவத்துக்குத் தண்டனை என்று அவர் பறைசாற்றிக்கொண்டு வரவில்லை. பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதலாக வந்தார். எமக்குச் செய்யப்பட்டது காயம். நாம் பிறருக்குச் செய்ததுதான் பாவம். ஷெல் விழுந்து பிள்ளையை இழந்த தாய் அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் இரண்டாவது உண்மையும் இருக்கிறது. காயப்பட்டவர்களும் பிறரைக் காயப்படுத்தியிருக்கிறோம். இடம்பெயர்ந்தவரின் வீட்டிலிருந்து எடுத்த பொருள், பயத்தில் சொன்ன ஒரு பெயர், முகாமிலிருந்து மீண்டு வந்த பிள்ளையைத் திருமணப் பேச்சில் தள்ளிவைத்தது, முன்னாள் போராளி என்ற காரணத்தால் வேலை கொடுக்க மறுத்தது, கடல்கடந்து போனவர் ஊரில் விட்டுப்போன பெற்றோரை மறந்தது. இவற்றுக்கு நீதிமன்றம் இல்லை. ஆணைக்குழுவும் வராது. இவற்றை அறிந்தவர்கள் செய்தவரும் கடவுளும், சிலவேளை பாதிக்கப்பட்டவரும் மட்டுமே.

பெருங்குற்றம் செய்த அதிகாரம் இன்னும் வாய் திறக்கவில்லையே, நாங்கள் ஏன் முதலில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரத்தின் பொறுப்பு எமது மனந்திரும்புதலால் குறைந்துவிடாது. நீதி கேட்பதும் நின்றுவிடாது. ஆனால் அவர்கள் அறிக்கையிடும்வரை எமது நெஞ்சுக்குள் இருப்பதையும் பூட்டி வைத்தால், அந்தப் பாரத்தைச் சுமப்பது அவர்களல்ல, நாங்கள்தான். ஒல்லாந்தர் மன்னிப்புக் கேட்கும்வரை யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் காத்திருக்கவில்லை.

அந்த வாழ்விலிருந்து நாம் எடுக்கக்கூடியது சிறிய காரியம்தான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம். தள்ளிவைத்தவரின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகலாம். பயத்தில் தவறிய ஒருவர் எம்மிடம் திரும்பி வந்தால், முதலில் கணக்குக் கேட்காமல் இருக்க இடம் கொடுக்கலாம். கணக்கைப் பிறகு பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். யோசப் வாஸ் அடிகளாருக்குக் கல்லறை அடையாளம் இல்லை. ஆனால் அவரால் திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் சில்லாலையிலும் மன்னாரிலும் இன்றும் பூசைக்குப் போகிறார்கள்.